அமலோற்பவம் வீட்டு லைன்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், அளத்தடிக்கும் டவுனுக்கும் நடுவே கிடக்கும் உப்பளங்களின் மேலே, கம்பியோ கயிறோ எதுவுமே இல்லாத வெறும் காற்றில், கடற்காகங்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்ததை முதலில் பார்த்தவள் தொபியாசின் மனைவி அமலோற்பவம். வரிசை டவுன் பக்கமிருந்து நேராக வந்து, தெருவின் மேலாகத் தணிந்து, அவள் வீட்டு மொட்டைமாடியில் நட்டிருந்த கம்பில் முடிந்தது. அவள் சேலை நுனியால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், போனை எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தாள். லைன் இருந்தது. பிறகு உலை வைத்தாள்.

லைன் என்று அளத்தடியில் சொல்வது இன்டர்நெட்டை. கடலில் போய் முட்டி முடிந்துபோகும் இந்த ஊருக்கு செல்போன் டவர் போட எந்தக் கம்பெனிக்கும் மனம் வரவில்லை. டவுனில் கேபிள் டிவி நடத்தும் இசக்கிராஜாதான் அளத்து வரப்போரமாகக் குழி வெட்டி முதலில் கேபிள் இழுத்தான். உப்புத்தண்ணீர் கேபிளின் மூட்டுகளைத் தின்றது. மறுபடி இழுத்தான், மறுபடி தின்றது. அதற்கடுத்த முறை அவன் மண்ணைத் தொடவேயில்லை. தன் கடை மாடியில் உயரமாக ஒரு டவரைக் கட்டி, அதன் உச்சியில் வெள்ளைப் பெட்டிகளைப் பூட்டி, அளத்தடியில் கேட்ட வீடுகளின் மாடியில் ஒரு கம்பை நட்டு, கம்பின் தலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு டிஷ்ஷைக் கட்டி, போனில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே அந்த டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான்.

"இதுக்கும் ஒன் டவருக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணும் இல்லாம இருக்கணும், அதான் இதுல விசயமே. டவரும் தட்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிடணும். நடுவுல மரம் வந்தா மறைக்கும், மாடி எழும்புனா மறைக்கும். ஒங்க ஊருல மரமும் இல்ல, மாடிமேல மாடி எழுப்ப ஆளும் இல்ல. வெறும் பொட்டல். எனக்கு நல்லதாப் போச்சு."

"எங்க பொட்டலு ஒனக்கு நல்லதாப் போச்சாக்கும்."

"கோவிக்காதீங்க. அளத்துல தண்ணி கட்டி நிக்கும்போது இந்தப் பேச்சு தண்ணியில பட்டுத் தெறிச்சு ரெண்டா வரும். அதுக்காவ ஒங்க தட்ட மட்டும் கொஞ்சம் தணிச்சு வச்சிருக்கேன். வீடு கடைசி வீடுல்லா."

டிஷ்ஷிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டும் ஒரு பெட்டியில் நுழைந்தது. ஐஸ் கம்பெனிக்கும் உப்புக் கம்பெனி ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் அவனே கொஞ்சம் பெரிய தட்டுகளாக வைத்துக் கொடுத்தான். மீன் ஏலத்தின் விலை, பிள்ளைகளின் பாடம், கரன்ட் பில், கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணின் படம், எல்லாம் உப்பளத்தின் மேலே காற்றாக வந்து காற்றாகப் போனது. இப்போது அந்தக் காற்று பாரம் தாங்கத் தொடங்கியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது, ஏன் நடந்தது என்று அளத்தடியில் அதிகம் பேர் கேட்கவில்லை, ஏனென்றால் அது நடந்தது மழைக்காலத்தில், மழைக்காலத்தில் அளத்தடிக்கு இருக்கும் ஒரே கேள்வி ஈரத்தை எங்கே போடுவது என்பது.

முதலில் ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் நனைந்த வலையைத் தூக்கி மேலே எறிந்தான், அது நின்றது. மறுநாள் போர்வைகள் ஏறின. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் தெருவின் மேலே, டவரிலிருந்து விசிறி மட்டைகளாக விரிந்து வரும் எல்லா லைன்களிலும் சேலையும் கைலியும் பள்ளிக்கூடச் சட்டையும் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கையால் தொட்டால் தூங்கும் பூனையின் முதுகு மாதிரி லேசான சூடும் உறுமலும் இருந்தது. பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, கோயில் லைனில் மட்டும் உள்ளாடைகளைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சென்னையிலிருந்து கருவிகளோடு ஒரு என்ஜினியர் வந்தார். சிக்னல் சரியாக இருக்கிறது, அலைவரிசை சரியாக இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்றார். நனைந்திருந்த தன் மழைக்கோட்டை பள்ளிக்கூட லைனில் உலர்த்தி எடுத்துக்கொண்டு போனார்.

அளத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் அதற்கப்புறம் அது கட்டியவருடைய கயிறு இல்லை. ஈரத்தோடு வருகிற யாரும் அதில் போடலாம். கேட்க வேண்டியதில்லை, கேட்டால்தான் வருத்தப்படுவார்கள். கயிறு மறுக்கிற வீட்டு ஆம்பிளைக்குக் கடலில் எட்டிப் பிடிக்க ஒரு கயிறு கிடைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியும் மறுத்தே தீர வேண்டுமென்றால் போட்டவர்கள் எடுக்கமாட்டார்கள். மறுத்தவரே தன் கையால் ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்படி ஒருவர் செய்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. லைன் பாரம் தாங்குகிறது என்று தெரிந்ததுமே அதுவும் ஒரு கயிறுதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. கூட்டம் போடவில்லை, பேசி முடிவெடுக்கவில்லை. இரண்டு பக்கமும் கம்பு இருக்கிறது, நடுவில் துணி நிற்கிறது, பிறகென்ன.

எல்லா லைன்களிலும் நீளமானது அமலோற்பவம் வீட்டு லைன், தணிந்ததும் அதுதான். துணிப் பாரத்தில் தெருவில் நின்றவாக்கிலேயே கை எட்டும். அதனால் மீன் அதில் ஏறியது.

"ஏட்டி அமலி, ஒம் மாப்பிள பேச்சு மேலதான் என் திருக்கை காயுது," என்று எதிர்வீட்டுச் சவேரியாள், கீறி உப்பிட்ட மீனை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டபடியே சொன்னாள். "கொஞ்சம் சூடாப் பேசச் சொல்லு. சீக்கிரம் காயட்டும்."

"அவுகளுக்கு ஏது மைனி சூடு. கப்பல்ல சோத்துக்கே ததிங்கிணத்தோம் போடுதாவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது உண்மை. தொபியாஸ் சாரங்காக, தளத்து ஆட்களுக்கு மேஸ்திரியாக, போன சரக்குக் கப்பல், அரபு நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரம் போட்டு மாதக்கணக்கில் நகராமல் நின்றது. முதலாளி கைவிட்டுவிட்டான். டீசலும் குடிதண்ணீரும் யாராவது இரக்கப்பட்டு அனுப்பினால் உண்டு. கப்பலில் கடைசியாக மிஞ்சியிருந்தவர்கள் கேப்டன், தொபியாஸ், இரண்டு இன்ஜின் ஆட்கள், ஒடிசாவின் உள்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த நிரஞ்சன் என்கிற சமையல்காரன். துறைமுகத்து உதவிச் சங்கம் ஒன்று கொடுத்த வைஃபையில் தொபியாஸ் தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். கூடப் பேசத் துணை வேண்டி அந்தச் சமையல்காரனுக்குக் கொஞ்சம் தமிழும் சொல்லிக் கொடுத்திருந்தான். அந்தச் சாயங்காலப் பேச்சுதான் அமலோற்பவத்துக்குப் புருசன். மற்றபடி அவன் ஒரு சட்டை, ஒரு சவரப்பெட்டி, சுவரில் ஒரு படம்.

துணி தொங்கும்வரை பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் ஏறிய பிறகு லைன் நடுவில் தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் பேச்சு தங்கியது. முதலில் அவன் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு, அவள் அடுக்களைக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் சத்தம் வந்தது. பிறகு சாயங்காலம் பேசியது படுக்கும் நேரத்தில் வந்தது. பிறகு அவன் சொன்ன குட் நைட் விடிந்தபின் வந்தது. மழை வலுத்து, கரையில் மணல் காயாமல், சாளையும் நெத்திலியும் வாளையும் ஊரிலுள்ள எல்லா வீட்டிலிருந்தும் வந்து லைனில் சேர்ந்தபோது, முந்தாநாள் பேசிய தொபியாஸோடு அவள் இன்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் பதில் அவனுக்கு நாளை மறுநாள் போய்ச் சேரும். காய்ச்சல் என்றான். அவள் பதறிக் கசாயம் சொல்லி முடித்தபோது அங்கே காய்ச்சல் விட்டிருந்தது. எந்தப் பேச்சிலும் கருவாட்டு வாசனை அடித்தது.

டவுன் ரோடு வெள்ளத்தில் முங்குவதற்கு முன் கடைசியாக வந்த இசக்கிராஜா அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "தட்டு சரியா இருக்கு, டவரு சரியா இருக்கு. பாரத்த எறக்குனாத்தான்க்கா உண்டு. நான் சொன்னா அடிக்க வருவாவ. நீங்க சொல்லிப் பாருங்க."

அவள் சொல்லவில்லை. புருசன் கடலில் இருக்கும்போது எந்தப் பெண் கயிறு மறுப்பாள்?

கார்த்திகைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த போனில் தொபியாசின் புதன்கிழமைப் பேச்சு வந்தது.

"அமலி, நல்லாக் கேட்டுக்க. எங்கள விடப்போறாவ. ஆனா கப்பல ஆளில்லாம விடமுடியாதாம், சட்டமாம். ஒருத்தன் காவலுக்கு நிக்கணும். கப்பல் விலைபோற வரைக்கும் அவன் எறங்க முடியாது. அது ஒரு வருசமோ, நாலு வருசமோ, யாருக்கும் தெரியாது. கேப்டன் என்னயப் பாக்காரு. நீ மூத்தவன், சாரங்கு, நீ நின்னா மத்தவன் போவான்னு சொல்லுதாரு. சனிக்கிழம காலையில ஆபீசர் வாராரு, கையெழுத்து வாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. நீ என்ன சொல்லுத? நீ சொல்லுதத நான் செய்வேன்."

அவள் உடனே போனுக்குள் கத்தினாள்: "போடாதீங்க. கையெழுத்துப் போடாதீங்க. வந்துருங்க." கத்திய பிறகுதான் அந்தச் சத்தம் வீட்டுக்கு வெளியே, மாடிக்கு மேலே, ஊராருடைய மீனுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே இறங்கும் என்பது நினைவுக்கு வந்தது. டவுனுக்குப் போய்ப் பேச ரோடு இல்லை. மற்ற லைன்களிலும் இதே பாரம். ஐஸ் கம்பெனி லைன் உயரம், அதில் வலை மட்டும்தான், ஆனால் கம்பெனியை மழைக்குப் பூட்டியிருந்தார்கள், சாவி வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவள் தெருவில் இறங்கினாள். மழை சற்று ஓய்ந்து, பெண்கள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மைனி, எல்லாரும் கேளுங்க. என் லைன விடுங்க."

சவேரியாளின் கை நின்றது. "என்னட்டி சொன்ன?"

"என் லைன்ல யாரும் ஒண்ணும் போடக் கூடாது. இன்னைக்கு எனக்கு வேணும்."

"இந்த மழையில இதக் கீழ எறக்குனா புழு வச்சிரும். என் மழைக்காலச் சாப்பாடு அது."

"தெரியும் மைனி."

"ஒம் மாப்பிள கடல்ல இருக்கான். நெனச்சுப் பேசு."

"நெனச்சுத்தான் பேசுதேன்."

யாரோ பின்னாலிருந்து, "நேத்துவரைக்கும் ஓட்டை வாளிக்குக்கூட எங்க வாசல்ல வந்து நின்னவ. இப்ப ஆகாசத்துக்கே பட்டா வச்சிருக்கா," என்றாள். சிலர் சிரித்தார்கள். சவேரியாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருக்கையை மறுபடி லைனிலேயே போட்டாள்.

"அப்ப நீயே எறக்கு. அந்தக் கை ஒங் கையா இருக்கட்டும்."

ஊர் வாசல்களில் நின்று பார்க்க, அமலோற்பவம் இறக்கினாள். வாளைகளைக் கொத்தாக எடுத்துக் கிறகோரி வீட்டு வாசலில் வைத்தாள், நெத்திலி கட்டிய பழைய வலைத்துண்டை உருவிக் கோயில் மணி அடிக்கும் கோயில்குட்டியின் வீட்டில் வைத்தாள், ஞானஸ்நானக் கவுன் ஒன்று, ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்று, பிரேதத்தை மூடிய வேட்டி ஒன்று, சாளை, சாளை, மறுபடி சாளை, தெருவின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடந்து நடந்து வைத்தாள்; யாரும் கை நீட்டி வாங்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஒவ்வொன்றாக இறங்க இறங்க லைன் விரல் விரலாக மேலே போனது. முதலில் எட்டிய இடம் பிறகு எட்டவில்லை. ஸ்டூலைக் கொண்டுவந்து ஏறினாள். பிறகு அதுவும் எட்டாமல் கிணற்றடித் தொட்டியின் மேல் ஏறினாள். கடைசியில் சவேரியாளின் திருக்கைகள் மட்டும் கூரைக்கு மேலே, கறுப்புச் சிறகுகளை விரித்துப் பறப்பவை போலத் தொங்கின. அவற்றைத் தன் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒற்றைக் காலை ஊன்றி, துடுப்பால் தட்டித் தட்டி வீழ்த்தினாள். மழை மறுபடி பிடித்திருந்தது. திருக்கைகள் சகதியில் விழும் சத்தம் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டது. அவள் இறங்கிப் போய் அவற்றைப் பொறுக்கி, சேலையால் துடைத்து, சவேரியாளின் வாசற்படியில் அடுக்கினாள்.

"எடுத்தாச்சு மைனி."

சவேரியாள் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்குள் போன் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. தொய்வில் தங்கியிருந்த பேச்செல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து வந்தது: காய்ச்சல் விட்டுவிட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது, நிரஞ்சன் அரிசிக் கஞ்சியில் கடுகு தாளித்தான், ஏன் பதில் சொல்லமாட்டேன் என்கிறாய், இருக்கிறாயா, அமலி, இருக்கிறாயா. பிறகு, பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல, அவன் இப்போது விடுகிற மூச்சு.

"போடாதீங்க," என்றாள்.

"சரி," என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது முகம் துலக்கமாகத் தெரிந்தது, தாடியின் ஒவ்வொரு நரையும் தெரிந்தது. அடுத்த வாரம் விமானம் என்றான்.

"அப்ப யாரு நிக்கா?"

"நிரஞ்சன்."

"அந்தச் சமையக்காரப் பயலா? எப்படிச் சம்மதிச்சான்?"

"எல்லாருக்கும் வீட்டுல கேட்டுச் சொல்லத் தவணை கொடுத்தாவ. இன்ஜின்காரனுவ ரெண்டு பேரும் கேட்டுட்டு முடியாதுன்னுட்டானுவ. நானும் முடியாதுன்னுட்டேன். அவன் ஊருல லைன் இல்ல அமலி. மல மறைக்குதாம். ரெண்டு நாளும் போன் போட்டுப் போட்டுப் பாத்தான். வேண்டாம்னு சொல்ல ஒருத்தரும் இல்ல, கையெழுத்துப் போட்டுட்டான்."

மார்கழியில் தொபியாஸ் வந்து சேர்ந்தான். ஊர் ஆண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், பெண்கள் வரவில்லை. சவேரியாளின் திருக்கையில் புழு வைத்து, அவள் அவற்றைக் குழியில் போட்டு மூடியதைத் தெருவே பார்த்திருந்தது. அதற்குப் பிறகு அமலோற்பவம் வீட்டு லைனில் யாரும் ஒரு கைக்குட்டையைக்கூடப் போடவில்லை. கடற்காகங்களும் மற்ற லைன்களுக்கு மாறிக்கொண்டன. அளத்தடியிலேயே வேகமான லைன் இப்போது அதுதான். அந்த வேகத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் போன் அடித்தது.

நிரஞ்சனிடம் இருந்த எண்களில், கூப்பிட்டால் யாராவது எடுக்கும் எண் இது ஒன்றுதான். முதலில் தொபியாஸ் பேசினான். சில வாரங்கள் கழித்து அந்த நேரம் பார்த்து அவன் கரைக்குப் போகத் தொடங்கினான், வலைக்கு வேலை இருக்கிறது என்றான், கடலுக்கே போகாத வலைக்கு. போன் அடித்துக்கொண்டேயிருக்கும். ஒருநாள் அமலோற்பவம் எடுத்தாள். போனில் தெரிந்தது ஆளில்லாத கப்பல் தளம், துரு, கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டு, அதற்கப்பால் கடல். நிரஞ்சன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, குறை சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?" தனியாக இருப்பதில் கிழமை பிடிபடாமல் போகிறது போலும். அவள் சொன்னாள். மறுநாளும் கேட்டான். அவள் எந்த ஊருக்கும் போகாமல், எந்த விசேஷத்துக்கும் தங்காமல், அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கப் பழகினாள்.

அடுத்த ஐப்பசி வந்து, மழை பிடித்து, கரையில் மணல் ஊறியது. ஒரு சாயங்காலம் சவேரியாள் தலையில் மீன் கூடையோடு வந்து லைனுக்குக் கீழே நின்றாள். ஒரு வருசமாக அவள் இந்த வாசலைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தக் கப்பல்காரப் பய பேசி முடிச்சாச்சா?" என்று மாடியில் போனோடு நின்ற அமலோற்பவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் கூப்பிடல மைனி."

சவேரியாள் கூடையை இறக்கவில்லை, அப்படியே நின்றாள். மீன் தண்ணீர் அவள் காதோரமாக வடிந்து ரவிக்கையில் இறங்கியது. போன் அடித்தது. எடுத்ததும் நிரஞ்சனின் முகம் இருட்டாகத் தெரிந்தது, இளைத்திருந்தான்.

"அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். விடாமல் பெய்த மழையில் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது. கிழமை நாக்குக்கு வரவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"செவ்வா," என்று கீழேயிருந்து சவேரியாள் சத்தமாகச் சொன்னாள். "செவ்வான்னு சொல்லுட்டி அந்தப் பயலுக்கு."

அது நேராகவே அவனுக்குக் கேட்டுவிட்டது. செவ்வா, என்று அவனும் சொல்லிப் பார்த்தான். பிறகு, "நாளைக்கு?" என்றான்.